மணி கோக்கும் கரங்கள்

"பாசிமாலைதானே! இதற்கா நானூறு ரூபாய்?"

சென்ற ரமளான் மாதத்தின் இருபதாம் நோன்பன்று என் வீட்டு முன்கட்டில் நின்று இப்படிக் கேட்டது வேறு யாருமல்லர். இந்தக் கட்டுரையை எழுதும் நான்தான்.

எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார், தம் கையால் கோத்த மாலைகளையும் கைமணிகளையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பெருநாள் விற்பனைக்காக வந்திருந்தார். மாணவியும் உடன் வந்திருந்தாள். என் மகள் எடுத்த மாலை மூன்று சரம் கொண்டது. கடல்நீல நிறத்தில் சின்னஞ்சிறு மணிகள். சரங்களை இணைக்கும் ஐந்து வெள்ளைப் பூக்கள். விலையைக் கேட்டேன். நானூறு என்றார். நான் முந்நூறுக்குக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எடுத்துக்கொள்ளுங்கள் ஆலிமா" என்றார். பணத்தைக் கொடுக்கும்போது அந்தச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருளை உணரவில்லை. நூறு ரூபாய் மிச்சம் பிடித்த மனநிறைவோடு அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே மாணவி வகுப்பில் உறங்கி வழிந்தாள். கண்டித்தேன். "இரவெல்லாம் உம்மாவோடு மணி பிரித்துக்கொண்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். மணி பிரிப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்களின் இல்லத்திற்குச் சென்றேன்.

ஆயிரம் மணிகள், ஒரு மாலை

அவர் சிறு வயதிலேயே கைம்பெண்ணானவர். வளைகுடா நாடொன்றில் பணியாற்றிய கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பால் காலமானார். இத்தாக் காலம் முடிந்த பின், பள்ளிப் பருவத்தில் பொழுதுபோக்காகக் கற்ற மணிகோத்தல் வேலையை வாழ்வாதாரமாக்கிக்கொண்டார். இரண்டு குழந்தைகள், மாமியார் ஒருவர். இவர்கள் அனைவரும் உண்பது அந்த ஊசிமுனையிலிருந்துதான்.

வடக்குச் சன்னல் ஓரத்தில் ஒரு பாய். பாயின் மேல் பெரிய தாம்பாளம். தாம்பாளத்தில் நூல் பூத்த துவாலை ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. வெறும் தட்டில் கொட்டினால் மணிகள் ஓடிவிடும். துவாலையின் இழைகள் அவற்றைப் பிடித்து நிறுத்துமாம். அந்தத் துவாலையின் மேல் நீலம், பச்சை, சாம்பல் என்று சிறு சிறு குவியல்கள்.

"இதுதான் மணி பிரிப்பது" என்று விளக்கினார். கடையில் எடைக்கு வாங்கும் கண்ணாடி மணிகள் ஒரே அளவாக இருப்பதில்லை. சில தட்டையாக இருக்கும். சிலவற்றின் துளை அடைபட்டிருக்கும். சிலவற்றின் ஓரம் உடைந்து கத்திபோல் கூர்மையாக இருக்கும். அப்படிப்பட்ட மணி ஒன்றே ஒன்று சரத்தினுள் புகுந்துவிட்டாலும் சில மாதங்களில் நூலை அறுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மணியையும் விரல்நுனியால் தொட்டுப் பார்த்துக் கழிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பயன்படுத்துவது பதினொன்றாம் எண் மணி. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். எண் கூடக் கூட மணி சிறுக்கும். பதினைந்தாம் எண் மணி ஒன்றரை மில்லிமீட்டர்தான். பதினொன்றாம் எண் மணிகள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ நூறு நிற்கும். நான் வாங்கிய மாலையில் சுமார் ஆயிரம் மணிகள் இருந்தனவாம். ஆயிரம் முறை ஊசி குனிந்து நிமிர்ந்திருக்கிறது!

அந்த ஊசியையும் பார்த்தேன். தலைமுடியைவிடச் சற்றே தடித்தது. தையல் ஊசியின் காது அதன் உடலைவிடப் பருத்திருக்கும். மணி கோக்கும் ஊசியின் காதோ உடலளவே இருக்கும். இல்லையென்றால் துளைக்குள் நுழையாது. அந்தக் காதில் நூலைச் செலுத்த, நுனியைப் பல்லால் கடித்துத் தட்டையாக்குகிறார். நூலுக்குத் தேன்மெழுகு பூசுகிறார். அப்போதுதான் சிக்காமலும் பிரியாமலும் இருக்கும். கனமான மாலைக்கு நைலான் நரம்பு. நரம்பு நாளடைவில் நீளும் என்பதால், கோத்த சரத்தின் ஒரு முனையில் சிறு எடையைக் கட்டி ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, மறுநாள்தான் கொக்கி வைத்து முடிச்சிடுகிறார்.

முத்து மாலையாக இருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு விழ வேண்டும். "முடிச்சு எதற்கு?" என்று கேட்டேன். "ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருக்கும். எப்போதாவது அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், மாலை முழுவதும் தெருவில் சிந்தாது" என்றார். தொடக்க நாள்களில் முடிச்சில்லாமல் கோத்துக் கொடுத்த மாலை ஒன்று திருமண வீட்டில் அறுந்து சிதறிவிட, அதற்கு ஈடாகத் தம் செலவில் புதிய மாலை செய்து கொடுத்திருக்கிறார்.

சாயம் பூசிய மணிகளையும் அவர் அப்படியே நம்புவதில்லை. சிலவற்றை எடுத்து ஈரத்துணியால் தேய்க்கிறார். சிலவற்றைச் சன்னல் வெயிலில் சில நாள்கள் வைத்துப் பார்க்கிறார். வியர்வை பட்டு நிறம் இறங்கும் மணியைத் தம் பெட்டியில் சேர்ப்பதில்லை. "வாங்குபவருக்கு இது தெரியாது, ஆனால் எனக்குத் தெரியுமே!" என்றார். வணிகத்தில் குறையை மறைக்கக் கூடாது என்று நாம் பாடமாக நடத்துவதை அந்தச் சகோதரி பாய்மேல் அமர்ந்து நடைமுறையாக்கிக்கொண்டிருந்தார்.

மணி பிறக்கும் இடங்கள்

அவருடைய தாம்பாளத்தில் கிடந்த மணிகள் எங்கெங்கிருந்து வந்தவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. இந்தக் கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, பாதி தீட்டியவையும் துளையிட்டவையும் துளையிடாதவையுமாகச் சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் மணிகள் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே செய்யப்பட்டவை போன்ற சிறு கண்ணாடி மணிகள் கடல்கடந்து தென்கிழக்காசியா வரை பரவியிருந்தன.

அந்த மணிகளைச் செய்த முறை இன்றும் ஆந்திராவில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் எஞ்சியிருக்கிறது. உருகிய கண்ணாடித் திரளுக்குள் இரும்புக் குழலைச் செலுத்தி உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, அதை மெல்லிய நீண்ட குழாயாக இழுப்பார்கள். குழாய் ஆறிய பின் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி ஓரங்களை மழுக்குவார்கள். குழாயாக இழுக்கும்போதே துளை அமைந்துவிடுவதால் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே துளையிட வேண்டியதில்லை. உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரிலோ நெருப்புச் சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கிக் கம்பியின்மேல் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருவாக்குகிறார்கள்.

கல்மணிகளின் கதையோ கண்ணீர்க் கதை. குஜராத்தின் கம்பாத் நகரம் நூற்றாண்டுகளாக அகீக் கல்லுக்குப் பெயர்பெற்றது. அகீக் என்றால் நம் இல்லங்களில் அறியாதவர் யார்? மோதிரங்களில் பதிக்கும் அதே கல்தான். கல்லைச் சூடேற்றிச் செந்நிறமாக்கி, தரையில் நட்ட இரும்பு முனையில் வைத்து, கொம்பினால் ஆன சுத்தியலால் தட்டிச் செதுக்கி, சாணைச் சக்கரத்தில் தீட்டி, துளையிட்டு, மெருகேற்றுகிறார்கள். சாணை பிடிக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து 'சிலிகோசிஸ்' என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. நுரையீரல் இறுகி மூச்சுத் திணறும். காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். வீடுகளிலேயே சாணை சுழல்வதால் தொழிலாளி மட்டுமின்றி, அருகில் சமைக்கும் மனைவியும் விளையாடும் குழந்தையும் அத்தூளைச் சுவாசிக்கிறார்கள். கழுத்தில் பளபளக்கும் ஒரு செம்மணிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய மூச்சு இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மேற்கு ஆப்பிரிக்காவின் மூரித்தானியா நாட்டில் கிஃபா என்றொரு ஊர் உண்டு. அங்கே முஸ்லிம் பெண்கள் உடைந்த மணிகளையும் புட்டிகளையும் மாவாக இடித்து, உமிழ்நீரிலோ கருவேலம் பிசினிலோ குழைத்து, ஊசிமுனையால் வண்ணக் கோலங்கள் இட்டு, மத்தி மீன் தகரடப்பாவில் வைத்து, கரியடுப்பில் சுட்டு மணிகள் செய்தார்கள். ஆலை இல்லை, எந்திரம் இல்லை. அடுப்பும் ஊசியும் பொறுமையும் மட்டுமே கருவிகள். அந்தக் கைவண்ணம் தெரிந்த பழைய தலைமுறைப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொருவராக மறைந்தனர். இன்று அவர்கள் செய்த பழைய மணிகளைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். செய்த கை மறைந்த பிறகு மணிக்கு மதிப்பு வந்து என்ன பயன்?

மணிமாலையும் நம் அன்னையரும்

"பாசிமாலைதானே" என்று நான் சொன்ன சொல் அந்த வீட்டில் அமர்ந்திருந்தபோது என்னையே குத்தியது. ஏனெனில் நம் வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்ச்சிகளில் ஒரு மணிமாலைக்கு இடமுண்டு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் பெற்று அணிந்திருந்த மாலை தொலைந்துபோனது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைத் தேடுவதற்காகத் தங்கினார்கள். பயணக் கூட்டம் முழுவதும் அவர்களோடு தங்கியது. அங்கே தண்ணீர் இல்லை. அந்த நெருக்கடியில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. இன்று உலகெங்கும் தண்ணீர் கிடைக்காத முஸ்லிம் மண்ணைத் தொட்டுத் தூய்மை பெறும் சலுகைக்குப் பின்னணியில் ஒரு மாலை இருக்கிறது. கடைசியில் ஒட்டகத்தை எழுப்பியபோது அது அதன் அடியிலேயே கிடைத்தது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னையார் தேடிச் சென்ற மாலையோ, எமன் நாட்டு ழஃபார் மணிகளால் ஆனது. அதையொட்டி எழுந்த அவதூறும், அன்னையாரின் தூய்மையைப் பறைசாற்றி இறங்கிய 'அந்நூர்' அத்தியாய வசனங்களும் நாம் அறிந்தவையே.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழிலில் வல்லவர்கள். தோலைப் பதனிட்டு, துளையிட்டுத் தைத்து, அதில் வந்த வருவாயை ஏழைகளுக்கு வழங்கினார்கள். அரபியில் மணிக்குக் 'கரஸ்' என்று பெயர். தோலைத் துளையிட்டுத் தைக்கும் வேலைக்கும் அதே வேர்ச்சொல்தான். துளையிட்டுக் கோக்கும் கை இறைவனின் பார்வையில் உயர்ந்த கை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதே கையுழைப்போடு ஒரு பெண் நம் வாசலில் வந்து நிற்கும்போது விலையை அடித்துப் பேசுகிறோம்.

கணக்கு நோட்டு

அந்தச் சகோதரி ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாலைக்கும் எத்தனை நேரம் ஆயிற்று என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. நான் வாங்கிய மாலையின் கணக்கைக் காட்டும்படி கேட்டேன். தயங்கினார். வற்புறுத்திய பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

மணிகள் 90 ரூபாய். நூல், கொக்கி, வளையம் 25 ரூபாய். கழித்துப் போட்ட மணிகளின் நட்டம் 10 ரூபாய். பெட்டி 5 ரூபாய். ஆக 130 ரூபாய். மணி பிரிக்க ஒரு மணி நேரம், கோக்க ஐந்து மணி நேரம், முடிச்சும் கொக்கியும் வைத்துச் சரிபார்க்க ஒரு மணி நேரம். ஆக ஏழு மணி நேரம். தம் உழைப்புக்கு மணிக்கு 40 ரூபாய் என்று அவர் வைத்திருந்தார். ஏழு மணி நேரத்துக்கு 280 ரூபாய். மொத்தம் 410. பத்து ரூபாயைத் தாமாகவே விட்டுக்கொடுத்து நானூறு என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். நான் குறைத்த நூறு ரூபாய் எங்கிருந்து போயிற்று? மணி விற்ற கடைக்காரர் தம் பங்கை முன்பே வாங்கிவிட்டார். நூல் விற்றவரும் வாங்கிவிட்டார். குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சகோதரியின் கூலி! நூறு ரூபாய் என்பது அவருடைய இரண்டரை மணி நேரம். ஸஹருக்கு முன் எழுந்து, உறங்கும் குழந்தைகளுக்கு இடையூறாகாமல் சிறு விளக்கொளியில் கண்ணைச் சுருக்கிக் கோத்த இரண்டரை மணி நேரத்தை நான் இரண்டே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் மாணவியருக்கு நடத்திக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா? 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயம்! தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டிக்கும் அத்தியாயம். தராசு கையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது இறங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேரம் பேசும் நாவும் ஒரு தராசுதான் என்பதை அன்று உணர்ந்தேன்.

பேரம் பேசுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குபவரும் விற்பவரும் மனமொப்பிப் பேசி முடிக்கும் வணிகத்தை மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் அரிசி வாங்க வேண்டிய கைம்பெண் சொல்லும் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லில் மனம் எவ்வளவு, வறுமை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை அல்லவா? நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கேட்டால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். கைத்தொழில் செய்யும் பெண்ணிடம் மட்டும் செய்கூலி இல்லாமல் பொருள் கேட்கிறோம்!

வராமல் போன கருகமணி

அவருடைய நோட்டில் ஒரு பக்கம் குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. "இது என்ன தங்கச்சி?" என்று கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினார். பிறகு சொன்னார்.

நம் பகுதிகளில் நிக்காஹ்வின்போது மணமகளுக்குக் கருகமணி அணிவிக்கும் வழக்கம் இருக்கிறது. அது மார்க்கக் கடமையன்று. தலைமுறை தலைமுறையாக வந்த ஊர் வழக்கம். ஒரு திருமண வீட்டார் கருகமணி கோத்துத் தரும்படி இவரிடம் கேட்டு, கருமணிகளையும் இடையிடையே சேர்க்கும் பொன்மணிகளையும் கொடுத்திருக்கிறார்கள். பாதி கோத்திருந்த நேரத்தில், மணமகளின் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வந்து, "கணவரை இழந்த கை கோத்த கருகமணி வேண்டாம்" என்று கோத்த சரத்தோடு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். செய்த வேலைக்குக் கூலியும் தரவில்லை.

இதைக் கேட்டபோது என் உள்ளம் பதறியது. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் அடியோடு மறுத்தார்களே! ஒரு மனிதரின் வருகையிலோ கையிலோ கெட்ட சகுனம் இருப்பதாக நம்புவது ஈமானுக்கு அழகா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அண்ணலாரை மணப்பதற்கு முன் கணவரை இழந்திருந்தவர்கள்தாமே! அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களுக்குத் திருமணத்தின்போது ஒரு மாலையை அணிவித்து அனுப்பினார்கள். பத்ருப் போரில் கணவர் அபுல் ஆஸ் சிறைப்பட்டபோது, அவரை மீட்பதற்காக ஸைனப் (ரலி) அந்த மாலையையே ஈட்டுப் பொருளாக அனுப்பினார்கள். மறைந்த மனைவியின் மாலையைக் கண்ட அண்ணலாரின் உள்ளம் உருகியது. தோழர்களின் இசைவோடு அபுல் ஆஸும் விடுவிக்கப்பட்டார். மாலையும் மகளிடம் திரும்பிச் சென்றது. ஒரு கைம்பெண்ணாயிருந்தவரின் மாலை ஒரு கணவனை மனைவியிடம் மீட்டுத் தந்த வரலாறு இது! நாமோ ஒரு கைம்பெண்ணின் கையில் அமங்கலத்தைத் தேடுகிறோம்.

நான் அந்தத் திருமண வீட்டுக்குச் சென்று பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பாதி வேலைக்கான கூலியைக் கொடுத்தனுப்பவும் செய்தார்கள். ஆனால் மணநாளன்று கருகமணி வேறொரு கடையிலிருந்துதான் வந்தது. ஒரே நாளில் ஊர்வழக்கத்தை மாற்ற என்னால் முடியவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

தொழில் தொடங்கும் சகோதரிகளுக்கு

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலருக்கு இத்தொழிலில் நாட்டம் ஏற்படலாம். வீட்டைவிட்டு வெளியேறாமலும் பெரிய முதலீடு இல்லாமலும் செய்யக்கூடிய ஹலாலான தொழில் இது. ஆனால் எளிதான தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சகோதரி தம் அனுபவத்திலிருந்து கூறியவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, நேரத்தை எழுதி வையுங்கள். பொருளின் விலை மட்டும் எழுதி, உழைத்த நேரத்தை எழுதாமல் விட்டால் நட்டத்தையே இலாபம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். தொடங்கிய முதல் ஆண்டு முழுவதும் அவர் இப்படித்தான் ஏமாந்திருக்கிறார்.

இரண்டாவது, சொல்லிச் செய்யும் வேலைக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். நிறத்தையும் நீளத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் அனுப்பி "இதேபோல் வேண்டும்" என்பவர்கள், செய்து முடித்த பின் "இந்த நிறம் இல்லை" என்று மறுப்பதுண்டு.

மூன்றாவது, கடைகளில் விற்பனைக்கு வைக்கக் கொடுத்தால் எண்ணிக்கையையும் விலையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "விற்றால் பணம்" என்று வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்ட ஒரு கடையில் அவருடைய பதினான்கு மாலைகள் எட்டு மாதங்கள் கிடந்தன. ஆறு மாலைகளுக்கு மட்டுமே பணம் வந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. அதைப் பின்பற்றுவதில் வெட்கம் எதற்கு?

நான்காவது, பழுது பார்க்கும் வேலையை இழிவாக எண்ணாதீர்கள். அறுந்த மாலையை மீண்டும் கோத்துக் கொடுப்பதில் பொருள் செலவு குறைவு, பெரும்பகுதி கூலியே. புதிய மாலை விற்காத மாதங்களில் அவருடைய அடுப்பு எரிவது இதனால்தான். பழைய மாலைகளைப் பிரித்துப் பார்ப்பதே ஒரு பாடம் என்றும் சொன்னார்.

ஐந்தாவது, கண்ணைக் காப்பாற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் நுண்வேலையையும் இரவில் எளிய வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தொலைவிலுள்ள மரத்தையோ வானத்தையோ சற்று நேரம் பாருங்கள். அவருக்கு இப்போதே பிடரியில் வலி இருக்கிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியும் வந்துவிட்டது. தொழுகைக்கு எழுவதே தம் முதுகுக்குக் கிடைக்கும் ஓய்வு என்று புன்னகையோடு சொன்னார்.

ஆறாவதாக, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மணிகளை மூடியுள்ள பெட்டியில் உயரத்தில் வையுங்கள். மூக்கிலும் காதிலும் மணியைத் திணித்துக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம்; தொண்டையில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை

பெருநாளும் திருமணங்களும் வந்துகொண்டேதான் இருக்கும். நம் வாசலுக்கு மாலையோடும் தையல் வேலையோடும் பாயோடும் ஊறுகாயோடும் சகோதரிகள் வருவார்கள். அவர்களிடம் வாங்க வசதியில்லையென்றால் இன்முகத்தோடு சொல்லி அனுப்புங்கள், அதில் குற்றமில்லை. வாங்குவதென்றால் உரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். கூலியைக் குறைத்துவிட்டுப் பிறகு அதே பெண்ணுக்கு ஸதகா கொடுத்து நன்மை தேடாதீர்கள். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அவர் கேட்பது தர்மம் அல்ல. தம்முடைய ஏழு மணி நேரத்தின் விலை.

நான் அன்று விடைபெறும்போது நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார்.

"அது பேசி முடித்த வியாபாரம் ஆலிமா. நான் சம்மதித்துத்தான் கொடுத்தேன். அதில் இனி எனக்கு உரிமை இல்லை" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அடுத்த முறை விலையைக் கேட்கும்போது, எத்தனை நேரம் ஆயிற்று என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்" என்றார்.

வாசல்வரை வந்த அவர் மகளின் விரல்நுனிகளைப் பார்த்தேன். ஊசி குத்திய சிறு சிறு புள்ளிகள். நான் வகுப்பில் கண்டித்த அதே பிள்ளை. அவளுடைய தலையைத் தடவி, "நாளை முதல் பாடத்துக்கு அரைமணி தாமதமாக வரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகள் அந்த நீல மாலையைப் பெருநாளன்று அணிந்துகொண்டாள். வந்தவர்கள் அனைவரும் அழகாக இருக்கிறது என்றார்கள். "என்ன விலை?" என்று ஒருவர் கேட்டார். நானூறு என்றேன். அது பொய்யல்ல. அந்த மாலையின் விலை நானூறுதான். அதில் நூறு ரூபாய் நான் கொடுக்க வேண்டிய கடன்.

உழைக்கும் கரங்களின் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.